கார்பன் சந்தையும் வருமுன் காணலும்

மரம் வளரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு, அதிலுள்ள கார்பனைத் தன் தண்டிலும் கிளையிலும் வேரிலும் சேர்த்து வைக்கிறது என்பது ஆரம்பப் பள்ளி மாணவரும் அறிந்த செய்தியாகும். அவ்வாறு சேர்ந்த கார்பனுக்கு ஒரு விலை உண்டு என்பதும், அதனை வாங்குவோரும் விற்போரும் கூடும் சந்தையொன்று உலக அளவில் நடைபெற்று வருகிறது என்பதும் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். ஆயினும், "எங்கள் வரப்பில் நிற்கும் மரங்களுக்குக் கார்பன் பணம் கிடைக்குமாமே, உண்மையா?" என்னும் கேள்வி இன்று விரிவாக்க ஊழியர்களை எதிர்கொள்ளும் கேள்விகளுள் ஒன்றாகிவிட்டது. இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறுதல் பொருந்தாது. இத்தகைய பத்திரத்தில் கையொப்பமிடும் உழவர் தம் நிலத்தை 20 அல்லது 30 ஆண்டுகளுக்கு ஒரு பயிர்முறைக்குக் கட்டுப்படுத்திக் கொள்கிறார். அவருடைய மகன் காலத்தையும் அக்கையொப்பம் கட்டுப்படுத்தும். ஆகவே, இச்சந்தை எவ்வாறு இயங்குகிறது, எங்கே தவறுகிறது, அத்தவறுகளைக் குறைக்க விஞ்ஞானிகள் கையாளும் இரு வழிகள் யாவை என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

சந்தையின் தோற்றமும் அளவும்

பெருந்தொழில்கள் தோன்றுவதற்கு முன் வளிமண்டலத்தில் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, 2024-ல் 420 பங்கையும் கடந்துவிட்டது. இவ்வாயுவை வெளிவிடும் தொழிற்சாலை ஒன்று, தன் புகையைக் குறைப்பதோடு, வேறோரிடத்தில் ஒரு மெட்ரிக் டன் கரியமில வாயு குறைவதற்கோ மண்ணிலும் மரத்திலும் அடங்குவதற்கோ பணம் தருமாயின், அந்த ஒரு டன்னுக்கு ஒரு 'கார்பன் வரவு' எழுதப்படுகிறது. சட்டத்தின் கட்டாயத்தால் வாங்கப்படுவன ஒரு வகை; 1997-ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்படிக்கையின்கீழ் தோன்றியவை அவ்வகையைச் சார்ந்தவை. கட்டாயம் ஏதுமின்றித் தாமாகவே முன்வந்து வாங்கப்படுவன மற்றொரு வகை. இதனையே தன்னார்வக் கார்பன் சந்தை என்கிறோம். 1980-களின் இறுதியில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நிலக்கரி மின்நிலையம் அமைத்த கம்பெனியொன்று, மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலாவில் உழவர்கள் மரம் வளர்ப்பதற்குப் பொருளுதவி செய்தது. இது இவ்வகையில் எடுக்கப்பட்ட முதல் முயற்சிகளுள் ஒன்று.

நம் நாட்டில் 2022-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டு, கார்பன் வரவு வாணிபத்துக்குச் சட்ட இடம் தரப்பட்டது. 2023-ல் அதற்கான திட்டம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில், கட்டாயத்துக்கு உட்படாதவர்களும் பங்குபெறும் வகையில் அது விரிவாக்கப்பட்டது. வேளாண்துறையில் தன்னார்வச் சந்தைக்கான நெறிமுறை ஒன்றை மத்திய வேளாண் அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்டது. எனவே, இது அயல்நாட்டு விவகாரம் என்று ஊழியர்கள் ஒதுக்கிவிடக் கூடியதன்று.

ஒரு டன் என்பது எவ்வளவு என்பதை மாணவர்களுக்கு எளிதில் விளக்கலாம். ஈரம் முழுவதும் நீங்கிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பனாகும். கார்பனின் அணு எடை 12. கரியமில வாயுவின் மூலக்கூறு எடை 44. ஆகவே கார்பன் எடையை 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் வாயுவின் எடை கிடைக்கும். வேர் உட்பட 300 கிலோ உலர் எடையுள்ள மரம் ஒன்றில் 150 கிலோ கார்பனும், அதற்கு ஈடாக 550 கிலோ கரியமில வாயுவும் அடங்கியுள்ளன. இத்தகைய மரங்கள் இரண்டு சேர்ந்தால் ஒரு வரவுக்குச் சற்று மேல். பச்சை மரத்தை நிறுத்துக் கணக்கிடுவோர், அதிலுள்ள நீரையும் கார்பன் என விற்க முயல்வோர் ஆவர்.

கணக்கு எங்கே தவறியது?

2021-ல் ஏறத்தாழ 200 கோடி டாலர் மதிப்புக்கு நடைபெற்ற இச்சந்தை, 2023-ல் சுமார் 72 கோடி டாலராகச் சுருங்கியது. வாங்குவோர் நம்பிக்கை இழந்தமை இதற்கு முக்கிய காரணம். அவநம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. காடு அழியாமல் காக்கும் திட்டங்கள் நடைபெறும் 26 இடங்களை ஆறு நாடுகளில் ஆராய்ந்து 2023-ல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த கட்டுரை, எதிர்பார்க்கப்பட்ட வரவுகளுள் ஏறத்தாழ 6 சதவீதமே உண்மையான கூடுதல் நன்மையோடு தொடர்புடையது எனக் கண்டது. புகையற்ற அடுப்புத் திட்டங்களைப் பற்றி 2024-ல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, ஆராயப்பட்ட திட்டங்களில் உண்மை அளவைப் போல் சராசரி ஒன்பது மடங்கு வரவு எழுதப்பட்டதாகக் கணக்கிட்டது.

இத்துணைப் பெரும் வேறுபாடு எவ்வாறு நேரும்? ஒரு கணக்கைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒரு காட்டில் ஆண்டுக்கு 100 ஹெக்டேர் அழியும் என்று திட்டத்தார் முதலில் எழுதி வைக்கின்றனர். இதற்கு அடிநிலை என்று பெயர். திட்டம் நடந்தபின் 20 ஹெக்டேர் மட்டுமே அழிந்தது. எனவே 80 ஹெக்டேர் காக்கப்பட்டதாக எழுதி வரவுகள் விற்கப்படுகின்றன. ஆனால், அதே மண்ணும் மழையும் பாதை வசதியும் உடைய, திட்டம் ஏதுமில்லாத பக்கத்துக் காட்டில் அழிந்ததோ 25 ஹெக்டேர்தான். அவ்வாறாயின் உண்மையில் காக்கப்பட்டது 5 ஹெக்டேர்; ஏனைய 75 ஹெக்டேர் எவரும் வெட்டக் கருதாதது. இதில் வேண்டுமென்றே செய்த வஞ்சகம் சிறிது இருக்கலாம். எனினும் பெரும்பாலான பிழை, கணக்கிட்டவர் பார்வையின் குறுக்கத்தால் விளைந்தது என்பதே நம் கருத்து. அவர் காட்டைத் தனியே ஒரு துண்டாக நோக்கினார். நேற்று நடந்ததே நாளையும் நடக்கும் என ஒரு நேர்கோட்டை வரைந்தார். முதற் குறைக்கு மருந்து 'அமைப்பு நோக்கு'. இரண்டாவதற்கு மருந்து 'வருமுன் காணல்'.

அமைப்பு நோக்கு

ஒன்றோடொன்று பிணைந்த பொருள்களைத் தனித்தனியே நோக்காமல், அப்பிணைப்புகளையே ஆராயும் முறை இது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே பாரஸ்டர் 1950-களின் பிற்பகுதியில் இதனை ஒரு கணித முறையாக வகுத்தார். அவர் வழிவந்த டொனெல்லா மெடோஸ் முதலியோர் 1972-ல் உலக வளர்ச்சியின் எல்லைகளைப் பற்றி வெளியிட்ட நூலால் இது பரவலாக அறியப்பட்டது. இதன் அடிப்படைக் கருத்துகள் எளியவை. தொட்டியில் தண்ணீர் இருப்பது ஒன்று. குழாய் வழியே வருவதும் போவதும் வேறு. காட்டில் நிற்கும் கார்பன் இருப்பு. ஆண்டுதோறும் வளர்வதும் எரிவதும் ஓட்டம். ஒரு விளைவு திரும்பி வந்து தன் காரணத்தையே வளர்க்கவோ தணிக்கவோ செய்யலாம். மேலும், காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே காலதாமதம் உண்டு.

நம் நாட்டிலேயே இதற்குச் சிறந்த உதாரணம் இருக்கிறது. பஞ்சாபில் நிலத்தடி நீர் இறங்குவதைத் தடுக்க, ஜூன் 10-க்கு முன் நெல் நடவு கூடாது என 2009-ல் சட்டம் இயற்றப்பட்டது. நோக்கம் நன்று; கடுங்கோடையில் வயலில் தண்ணீர் நிறுத்துவது குறைந்தது. ஆனால் நடவு பிந்தியதால் அறுவடையும் பிந்தியது. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையிலிருந்த நாட்கள் சுருங்கின. இயந்திர அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் தாளை அகற்ற நேரமில்லாத உழவர் தீயிட்டனர். அத்தீ அக்டோபர் இறுதிக்கும் நவம்பருக்கும் தள்ளப்பட்டது; அப்பருவத்தில் காற்றின் வேகமோ குறைவு. டில்லியின் புகைமூட்டத்துக்கு இது ஒரு காரணம் என ஆராய்ச்சியாளர் பலர் கூறுகின்றனர். தண்ணீரைக் காக்கச் சென்ற சட்டம், மற்றோர் இடத்தில், மற்றொரு பருவத்தில், காற்றைத் தாக்கியது. சட்டம் தவறு என்பது இதன் பொருளன்று. தண்ணீர்க் கணக்கை எழுதியவர் தாளின் கணக்கையும் உடன் எழுதியிருக்க வேண்டும்.

அடுப்புத் திட்டத்தையும் இவ்வாறே நோக்கலாம். புதிய அடுப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டு, 'இவ்வீட்டில் விறகுச் செலவு பாதியாயிற்று' என்று எழுதிவிடுதல் எளிது. வீட்டுக்குள் சென்று பார்த்தால், புதிய அடுப்பில் பருப்பு வேகும். முற்றத்திலுள்ள பழைய அடுப்பில் குளிக்க வெந்நீரும் மாட்டுக்குத் தீவனமும் கொதிக்கும். மிஞ்சிய விறகு சந்தைக்குப் போகவும் கூடும். அன்றியும், அவ்வீட்டார் எரிப்பது வரப்பு மரத்தின் காய்ந்த சுள்ளியாயின், அம்மரம் அடுத்த ஆண்டு மீண்டும் தளிர்த்து அதே கார்பனைத் திரும்ப எடுத்துக் கொள்ளும்; அங்கே குறைத்ததாகச் சொல்ல ஏதுமில்லை. மீண்டும் வளராத காட்டிலிருந்து வெட்டிய விறகே கணக்கில் சேரும். இப்பங்கை மிகையாக எழுதியமை, மேற்கூறிய ஒன்பது மடங்குப் பிழைக்கு முக்கிய காரணங்களுள் ஒன்று.

இனி, பிணைப்புகளை உணர்ந்து அமைக்கப்பட்ட திட்டம் ஒன்றைக் காண்போம். மேகாலயாவின் கிழக்கு காசி மலையில், உமியம் ஆற்றுப் பகுதியில், பத்து 'ஹிமா'க்கள் ஒன்றுகூடி 2011 முதல் காட்டுக் கார்பன் திட்டம் ஒன்றை நடத்தி வந்துள்ளன. ஹிமா என்பது காசி மக்களின் பாரம்பரிய ஆட்சிப் பிரிவு. சுமார் 27,000 ஹெக்டேர் பரப்பையும் 62 கிராமங்களையும் இது தழுவியது. மௌப்லாங்கிலுள்ள பழமையான தெய்வக் காடு இதன் அருகே உள்ளது. அங்கே ஓர் இலையையும் எடுத்துச் செல்லலாகாது என்பது மரபு. அவ்வெல்லைக்கு வெளியே இருந்த காடு தீயாலும் கரி சுடுதலாலும் விறகு வெட்டாலும் கல்லுடைப்பாலும் மேய்ச்சலாலும் நலிந்து வந்தது.

இங்கே 'மரம் நடுக' என்பது மட்டும் திட்டமாக இருந்திருப்பின் அது பயன் தந்திராது. வறண்ட மாதங்களில் தீ வந்தால் கன்றுகள் கருகும். வெட்டவெளியில் புல் ஓங்கும். காய்ந்த புல் அடுத்த ஆண்டுத் தீக்கு எரிபொருளாகும். அத்தீ மறுபடியும் கன்றுகளை அழிக்கும். இது தன்னைத் தானே வளர்க்கும் சுழற்சி. இச்சுழற்சியை ஓரிடத்தில் அறுத்தால் அது எதிர்த்திசையில் சுழலத் தொடங்கும். சில ஆண்டுகள் தீயைத் தடுத்துவிட்டால், மண்ணில் உயிரோடிருக்கும் வேர்களும் விதைகளும் தாமே துளிர்த்து நிழல் தரும். நிழலில் புல் குறையும். புல் குறையத் தீயும் குறையும். ஆகவே தீத்தடுப்புக் கோடுகள் வெட்டுவதும், காவலர்களை அமர்த்துவதும், இயற்கையாக முளைப்பதற்குத் துணை செய்வதும் முதலிடம் பெற்றன. தண்டனையால் மட்டும் கரி சுடுவோரைத் தடுத்தால் அவர் பக்கத்து மலைக்குச் செல்வார். கணக்கில் இக்காடு தழைக்கும், அக்காடு தேயும். இதற்குக் 'கசிவு' என்று பெயர். அதனைக் குறைக்கச் சுய உதவிக் குழுக்களும், விறகு குறைவாகக் கொள்ளும் அடுப்புகளும், காட்டில் மேயும் கால்நடைகளுக்கு மாற்றாக வீட்டருகே வளர்க்கும் பன்றியும் கோழியும் திட்டத்தில் இடம்பெற்றன. பன்றிக்கொட்டிலுக்கும் வளிமண்டலத்துக்கும் என்ன தொடர்பு என்று நகைப்பவர், அமைப்பு நோக்கை இன்னும் பழகவில்லை எனலாம்.

சந்தையும் ஓர் அமைப்பே. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அகெர்லாப் 1970-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பழைய மோட்டார் வாகனச் சந்தையை ஆராய்ந்ததோடு, நம் நாட்டுக் கடைத்தெரு அரிசியில் கல் பொறுக்கும் இல்லத்தரசியையும் குறிப்பிடுகிறார். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்னும் நிலையில், நல்ல சரக்குக்கும் மட்டச் சரக்குக்கும் ஒரே விலை ஏற்படுகிறது. அவ்விலைக்கு நல்ல சரக்கு கட்டுப்படியாகாது. அது சந்தையை விட்டு விலகும். கார்பன் வரவு கண்ணால் காணவோ கையால் பொறுக்கவோ இயலாத அரிசி. விலை தாழ்ந்தால் அளவீட்டுக்குச் செலவிடப் பணம் குறையும். அளவீடு தளர்ந்தால் தரம் குறையும். தரம் குறைந்தால் நம்பிக்கை போகும். நம்பிக்கை போனால் விலை மேலும் தாழும். 2021-க்குப் பின் நிகழ்ந்தது இச்சுழற்சியே. இதனை அறுக்க, 2023-ல் சர்வதேச அளவில் பத்து அடிப்படைக் கொள்கைகள் வெளியிடப்பட்டன. இவற்றைப் பார்த்து ஒரு வரவின் தரத்தை வெளியார் உரசிப் பார்க்கலாம். இதுவரை உழைப்பின்றி வரவு எழுதியவர்களுக்கு அது உவப்பாயிராது. காசி மலையில் தீக்கோடு வெட்டுபவருக்கு அதுவே பாதுகாப்பு.

வருமுன் காணல்

இது சோதிடம் அன்று. 'இன்னது நடக்கும்' என ஒன்றைக் கூறாமல், 'இன்னின்னவை நடக்கக் கூடும். ஒவ்வொன்றிலும் நம் திட்டம் நிற்குமா?' என்று கேட்பதே இம்முறை. ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் பியர் வாக் என்பவர் 1970-களின் தொடக்கத்தில் இத்தகைய எதிர்காலச் சித்திரங்களை வரைந்து, எண்ணெய் விலை திடீரென உயரும் நிலையையும் சிந்தித்து வைக்குமாறு அதிகாரிகளைத் தூண்டினார். 1973-ல் அந்நிலை வந்தே விட்டது.

கார்பன் கணக்கில் இதன் அவசியம் எத்தகையது? மரம் 30 ஆண்டுகளில் சேர்ப்பது ஒரே நாள் தீயில் போகலாம். எனவே விற்கும் வரவுகளில் ஒரு பகுதியை விற்காமல் பொது இருப்பாக ஒதுக்கி வைப்பர். கலிபோர்னியா மாநிலத்தின் கட்டாயச் சந்தையில் இவ்வாறு ஒதுக்கப்பட்டது 100 ஆண்டு ஆபத்துகளுக்குப் போதும் எனக் கருதப்பட்டது. ஆனால், காட்டுத் தீக்கெனக் கணக்கிட்ட பங்கில் ஏறத்தாழ முழுவதும் பத்து ஆண்டுகளுக்குள்ளாகவே தீர்ந்துவிட்டதாக 2022-ல் வெளிவந்த ஆராய்ச்சி கூறியது. பழைய காலத்துத் தீயை வைத்து, வெப்பம் மிகுந்துவரும் காலத்துக்கு ஒதுக்கீடு செய்ததே காரணம். நம் நாட்டில் சுந்தரவனத்துக் கரையில் அலையாத்திக் காடு வளர்ப்போர், 2009-ஆம் ஆண்டு ஐலா புயலையும் 2020-ஆம் ஆண்டு ஆம்பன் புயலையும் விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டு ஒதுக்கீடு கணக்கிட்டால் இதே நிலை நேரும்.

நெல் வயலை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் தேங்கிய சேற்றில் பிராணவாயு இல்லாமையால் நுண்ணுயிர்கள் மீதேன் வாயுவை உண்டாக்குகின்றன. 100 ஆண்டுக் கணக்கில் இது கரியமில வாயுவைப் போல் சுமார் 27 மடங்கு வெப்பம் பிடிப்பது. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் மறுபடி பாய்ச்சுவதாகிய காய்ச்சலும் பாய்ச்சலும் முறையால் மீதேன் பெரும்பாலும் 30 முதல் 50 சதவீதம் வரை குறையும். பூக்கும் தருணத்தில் மட்டும் நீர் நிறுத்துதல் வேண்டும். ஆயினும், தழைச்சத்து உரம் மிகுந்த வயல் காய்ந்து நனையும்போது நைட்ரஸ் ஆக்சைடு வெளிப்படலாம். அது 273 மடங்கு வலியது. களையும் கூடும். இவையெல்லாம் அமைப்பு நோக்கின்பாற்படும். வருமுன் காண்பவர் மேலும் கேட்பார்: வாய்க்கால் முறைப்பாசனத்தில் தண்ணீர் வரும் நாள் உழவர் கையில் இல்லையே, அடுத்த முறை வாராது என அஞ்சினால் அவர் வயலைக் காயவிடுவாரா? பருவமழை ஓயாது பெய்யும் ஆண்டில் காய்ச்சல் எங்கே? சட்டமே இம்முறையைக் கட்டாயமாக்கினால் கூடுதல் நன்மை என்று விற்க எஞ்சியிருப்பது என்ன? நெறிமுறை மாறினால் எழுதிய வரவு நிலைக்குமா? கடைசிக் கேள்வி வெறுங்கற்பனை அன்று. சீனாவில் பதிவு பெற்றிருந்த 37 நெல் திட்டங்களை, அவற்றைப் பதிவு செய்த 'வெர்ரா' நிறுவனமே 2024-ல் தள்ளுபடி செய்தது.

இப்பயிற்சியைக் கிராமக் கூட்டத்தில் ஒரு மாலைப் பொழுதில் செய்யலாம். நிச்சயமில்லாதவற்றுள் மிக முக்கியமான இரண்டை மக்களே தேர்ந்தெடுக்கட்டும். பெரும்பாலும் அவை மழையும் வரவின் விலையுமாக இருக்கும். மழை நன்று, விலை தாழ்வு. மழை பொய்த்தது, விலை உயர்வு என்றவாறு நான்கு எதிர்காலங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 'பத்தாம் ஆண்டில் இந்நிலத்தில் யார் என்ன செய்து கொண்டிருப்பார்?' என்று முதியோரையும் பெண்களையும் தனித்தனியே கேட்க வேண்டும். விறகும் தீவனமும் சுமப்பவர்கள் பெண்கள். அவர்கள் காணும் கசிவை வரைபடம் காட்டாது. நான்கிலும் நிற்காத திட்டம் கைவிடத் தக்கது என்பதில்லை. எந்த நிலையில் வீழும் என்பதை அறிந்து, அதற்கான காப்பை முன்கூட்டியே பத்திரத்தில் கேட்டுப் பெறலாம். பள்ளியில் ஆசிரியர்கள், மாணவர்களை வட்டமாக நிறுத்தி, ஒருவர் தீ, ஒருவர் புல், ஒருவர் கன்று, ஒருவர் நிழல் எனப் பெயரிட்டு, ஒரு கயிற்றால் காரண விளைவுகளை இணைத்துக் காட்டினால், ஒருவர் கயிற்றை விட்டதும் எவரெவர் தளர்கின்றனர் என்பது கரும்பலகையைக் காட்டிலும் தெளிவாக விளங்கும்.

ஊழியர்கள் முதல் அளவீட்டின்போதே, திட்டத்தில் சேராத பக்கத்து வயல் ஒன்றையும் அதே நாளில், அதே முறையில் அளந்து பதிவேட்டில் எழுதி வைத்தல் நலம். பின்னர் எழும் ஐயங்களுக்கு அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. பத்திரத்தைப் படித்துக் காட்டும்போது, வரவு யார் பெயரில் எழுதப்படும், விற்ற விலையில் உழவர் பங்கு எவ்வளவு, அது எந்த மாதத்தில் தரப்படும், குத்தகைதாரர் மாறினாலோ நிலம் பாகம் பிரிந்தாலோ என்ன ஆகும், புயலில் மரம் சாய்ந்தால் நஷ்டம் யாரைச் சாரும், இடையில் விலகினால் திருப்பித் தர வேண்டியது யாது என்பவற்றைத் தனித்தனியே கேட்டுக் குறித்துக் கொள்க. இவற்றுள் ஒன்றுக்கேனும் எழுத்தில் விடை இல்லையெனில், அவ்விடை எழுதப்பட்டு வரும்வரை கையொப்பத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்குமாறு உழவரிடம் கூறலாம்.